பழைய பொம்மைக் கார்களின் பெயின்ட்டை உரிப்பது பிள்ளைகளின் வேலையா?



பள்ளி விடுமுறை தொடங்கியதும் நம் வீடுகள் சிலவற்றில் ஒரு புதுப் பொழுதுபோக்கு தலையெடுப்பதைக் காண்கிறோம். பரணில் கிடக்கும் தகரப்பெட்டியை இறக்கி, வாப்பாவோ பெரியவாப்பாவோ சிறுவயதில் உருட்டி விளையாடிய உலோகக் கார்களை வெளியே எடுக்கிறார்கள். கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, அவற்றின் பழைய பெயின்ட்டை உரித்துப் புதிதாக வண்ணமடிக்கிறார்கள். பிள்ளைகள் கைபேசியை விட்டுக் கைவேலையில் இறங்குவது எந்தப் பெற்றோருக்கும் மகிழ்ச்சி தருவதே. நாமும் இதை வரவேற்கிறோம். ஆனால் அந்த வேலையின் முதற்கட்டமான உரிக்கும் பணியை மட்டும் பிள்ளைகளின் கையில் ஒருபோதும் கொடுக்கலாகாது என்பதும், பெரியவர்களும் அதை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்துச் செய்யலாகாது என்பதும் நம் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் இந்தக் கார்கள் எவை என்று பார்ப்போம். நம் சபுராளிகள் சிங்கப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும், பிற்பாடு வளைகுடா நாடுகளிலிருந்தும் கொண்டுவந்த பெட்டிகளில் வாசனைச் சோப்புக்கும் கைலிக்கும் இடையே இவை வந்தன. அவற்றுள் பல பிரிட்டனில் வார்க்கப்பட்டவை. லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1930களில் தொடங்கிய டிங்கி வண்டிகள், லண்டனில் லெஸ்னி நிறுவனம் 1953 முதல் வெளியிட்ட மேட்ச்பாக்ஸ் வண்டிகள், வேல்ஸின் ஸ்வான்சீயில் 1956 முதல் உருவான கார்கி வண்டிகள் ஆகிய மூன்றும் புகழ்பெற்றவை. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைகளை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்று தம் மகளுக்கு ஒரு விதி இருந்ததால், லெஸ்னியின் ஜாக் ஓடெல் சாலை உருளை வண்டி ஒன்றைச் சிறியதாகச் செய்துகொடுத்தார் என்றும், மேட்ச்பாக்ஸ் என்ற எண்ணமே அதிலிருந்து பிறந்தது என்றும் சொல்வதுண்டு. அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1968இல் ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்தது. இந்தியாவிலும் இவ்வகை வண்டிகள் வார்க்கப்பட்டன. டிங்கியின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வண்டிகள் வெளிவந்தன.

இவற்றின் உடல் இரும்பன்று. துத்தநாகத்தோடு சுமார் நான்கு விழுக்காடு அலுமினியம் கலந்த உலோகக் கலவை அது. பிரிட்டனில் மஜாக் என்றும் பிற நாடுகளில் ஜமாக் என்றும் அதை வழங்குவர். ஏறத்தாழ 380 டிகிரி செல்சியஸில் அது உருகத் தொடங்கிவிடும். அடுப்பு நெருப்பில் காட்டிப் பெயின்ட்டைக் கருக்கிவிடலாம் என்று எண்ணுவோர் இதை நினைவில் வைக்கவேண்டும். வெப்பம் சற்று மிஞ்சினால் காரின் கூரை வளைந்து தொங்கும். கார் போனால் போகட்டும். கருகும் பெயின்ட்டிலிருந்து எழும் புகை அதைவிடப் பன்மடங்கு கொடியது.

அக்காலத்துப் பெயின்ட்டுகளில் காரீயம் சேர்ப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் காரீயக் குரோமேட் என்ற நிறமியால் கிடைத்தவை. அதோடு நீலம் கலந்தால் பச்சை. பெயின்ட் விரைவில் உலர்வதற்கும் காரீயச் சேர்மங்களைப் பயன்படுத்தினார்கள். மண்வாரி, டிப்பர் லாரி, பள்ளிப் பேருந்து என்று பிள்ளைகள் முதலில் கைநீட்டும் மஞ்சள் வண்டிகளே ஐயத்துக்கு முதலில் உரியவை. ஈயம் என்றதும் நம் உம்மாமார் பித்தளைச் சட்டிக்குப் பூசும் ஈயத்தை நினைத்து, அதில் ஆக்கித்தானே உண்டோம் என்று கேட்கக்கூடும். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். பெயின்ட்டில் இருப்பது காரீயம். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இரண்டும் வேறுவேறு உலோகங்கள், பின்னது நஞ்சு.

காரீயத்துக்கு இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வயிற்றுக்குள் சென்ற காரீயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு கூடுதலாகச் சிறுபிள்ளைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. அவர்களின் வளரும் மூளையை அது தாக்குகிறது. அறிவுத்திறன் குறைகிறது, கவனம் சிதறுகிறது, படிப்பில் தடுமாற்றம் வருகிறது. இவற்றில் எதுவும் காய்ச்சலைப்போல் மறுநாளே தெரிவதில்லை. பிள்ளை மந்தமாக இருக்கிறான் என்று ஆசிரியரும், சொன்னதைக் கேட்பதில்லை என்று வாப்பாவும் குறைசொல்லிக்கொண்டிருப்பார்களே தவிர, சென்ற விடுமுறையில் கூடத்தில் பறந்த தூசியை எவரும் நினைத்துப்பார்க்கமாட்டார்கள். உடலில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த பிள்ளைகளுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். கருவுற்ற தாயின் இரத்தத்தில் காரீயம் சேர்ந்தால் அது கருவிலுள்ள சிசுவையும் சென்றடையும்.

இவ்வளவு சிறிய காரில் எவ்வளவு காரீயம் இருந்துவிடப்போகிறது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னே நிற்கும் கார் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பெயின்ட் உலோகத்தோடு ஒட்டியிருக்கும்வரை காரீயமும் அதிலேயே கட்டுண்டு கிடக்கும். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கும்போதுதான் அந்தக் கட்டு அவிழ்கிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்தூசி பாயிலும் தலையணையிலும் தவழும் குழந்தையின் உள்ளங்கையிலும் படிகிறது. மின்விசிறி அதை வீடு முழுவதும் கொண்டுசெல்கிறது. மாலையில் துடைப்பத்தால் பெருக்கும்போது படிந்த தூசி மீண்டும் மேலெழுகிறது. குழந்தை கையை வாயில் வைக்கிறது. உலர்வாகத் தேய்க்கும் முறையை நாம் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். காணொளிகளில் சிறிய சுழல்கருவியை வைத்து ஒரே நிமிடத்தில் பளபளக்க வைப்பவர்கள், அந்த நிமிடத்தில் பறந்த தூசி எங்கே போனது என்று காட்டுவதில்லை.

பழைய கார்களுக்குத்தானே இதெல்லாம் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. அமெரிக்கா 1978இல் வீட்டுப் பெயின்ட்டுக்கும் பொம்மைகளுக்கும் கட்டுப்பாடு விதித்த நாடு. அங்கேயே 2007 ஆகஸ்டில், திரைப்படக் கார்களின் வரிசையில் வந்த சார்ஜ் என்ற சிறு உலோக வண்டிகளை மேட்டல் நிறுவனம் இலட்சக்கணக்கில் திரும்பப் பெற நேர்ந்தது. துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் அனுமதியற்ற பெயின்ட்டைப் பயன்படுத்தியதே காரணம். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்ட்டுகளில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறையாகியது. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரியில். ஆகவே அதற்கு முன் சந்தையிலும் கந்தூரிக் கடைகளிலும் பெயரில்லாமல் விற்ற வண்டிகளின் பெயின்ட்டில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து எவரும் சொல்லிவிட முடியாது. காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடப்பது அறிவுடைமை.

அப்படியானால் திரவத்தில் ஊறவைத்து உரிக்கலாமே என்பார்கள். ஊறவைப்பதே சரியான வழி. தூசி எழாது என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆயினும் எந்தத் திரவம் என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள்.

ஹார்ட்வேர் கடைகளில் பெயின்ட் ரிமூவர் என்று விற்கும் டப்பாக்கள் பலவற்றில் இருப்பது மெத்திலீன் குளோரைடு. தடவிய சில நிமிடங்களில் பெயின்ட் சுருங்கிக் கொப்புளித்து எழும். பார்ப்பதற்கு வித்தையைப்போல் இருக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தரைமட்டத்தில் தேங்கி நிற்கும். உடலுக்குள் சென்றால் அதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி, இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கவிடாமல் தடுக்கும். குளியலறை போன்ற அடைந்த இடங்களில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் மயங்கி விழுந்து இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019இலிருந்து பொதுமக்களுக்குப் பெயின்ட் உரிப்பானாக இதை விற்கத் தடை உண்டு. நாம் வழக்கமாக அணியும் மெல்லிய ரப்பர் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். வீட்டில் இதற்கு இடமே இல்லை.

காஸ்டிக் சோடா அடுத்தது. அடைத்த குழாயைத் திறக்கவும் சோப்புக் காய்ச்சவும் வாங்கிய பொட்டலம் பல வீடுகளில் இருக்கும். அது பெயின்ட்டை நன்றாகவே உரிக்கும். ஆனால் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் சேர்த்தே அரிக்கும். பெயின்ட் போனபின் கார் கறுத்துப்போய், கதவின் கோடுகளும் முகப்பின் நுண்வேலைப்பாடும் மழுங்கிப்போய் வெளிவரக் காண்கிறோம். உலோகத்தோடு அது வினைபுரியும்போது எழும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றக்கூடியது. அலுமினியப் பாத்திரத்தில் அதைக் கரைப்பவர்கள் பாத்திரத்தையே இழப்பார்கள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாக இடவேண்டும். காஸ்டிக்கின் மீது தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எட்டு வயதுப் பிள்ளை குனிந்து பார்க்கும் உயரத்தில் வைக்கத்தக்க பொருளன்று அது.

மீதமிருப்பவற்றுள் நாம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது, பென்சைல் ஆல்கஹால் சேர்ந்த, மெத்திலீன் குளோரைடு இல்லாத ஜெல் வகை உரிப்பான்களை. மெதுவாகவே வேலைசெய்யும், ஓர் இரவு காத்திருக்கவேண்டும். பெரிய நகரக் கடைகளில் லேபிளைப் படித்துத் தேடி வாங்கவேண்டியிருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் சிலவகைப் பெயின்ட்டுகளை இளக்கும். சூளையில் சுட்டு இறுகவைத்த பழைய எனாமலை அவ்வளவாக அசைக்காது. அதன் ஆவி உறைநிலைக்குக் கீழான குளிரிலும் தீப்பற்றக்கூடியது. அடுப்பங்கரைப் பக்கமே அதைக் கொண்டுபோகலாகாது. எந்தத் திரவமானாலும் மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோ, மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வைத்துச் செய்யவேண்டும். சீசாவின்மேல் உள்ளிருப்பதன் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டவேண்டும். குடிநீர்ப் போத்தலிலோ ஷர்பத் சீசாவிலோ ஒருபோதும் ஊற்றிவைக்கலாகாது. எழுதிய எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாத குழந்தைக்குச் சீசாவின் வடிவம் மட்டுமே தெரியும்.

ஊறவைப்பதற்கு முன் காரைப் பிரிக்கவேண்டும். அடித்தகட்டை உடலோடு பிணைக்கும் ரிவிட்டின் தலையை மூன்று மில்லிமீட்டர் டிரில்லால் மேலோட்டமாகக் குடைந்தால் தகடு கழன்றுவரும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கையும் இருக்கைகளையும் சக்கரங்களையும் தனியே எடுத்துவிடவேண்டும். அசிட்டோன் பட்டால் அவை கரைந்து குழம்பாகும். ஊறிய பெயின்ட்டைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஈரமாகவே தள்ளவேண்டும். கம்பிப் பிரஷ் வேண்டாம். துத்தநாகம் மென்மையானது, கீறல் விழுந்தால் புதுப் பெயின்ட்டின் வழியேயும் தெரியும். ஆரம்பகால ஹாட் வீல்ஸில் பளபளப்பான உலோகத்தின்மேல் ஒளிபுகும் வண்ணம் பூசியிருப்பார்கள். அவ்வகையில் கீறினால் அந்த மினுக்கம் திரும்பாது. பிறகு சோப்பிட்டுக் கழுவி, நன்கு உலர்த்தி, தாமதியாமல் பிரைமர் அடித்துவிடவேண்டும்.

வழித்தெடுத்த கசடை என்ன செய்வது? இதைத்தான் காணொளிகள் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. கிணற்றடியில் கழுவி ஊற்றுவது நம் கடற்கரை ஊர்களில் இயல்பாக நடந்துவிடக்கூடிய பிழை. அதே கிணற்றுநீரை நாளை குழந்தை குடிக்கும். கசடைப் பழைய துணியில் வாங்கி, உலரும்வரை எட்டாத உயரத்தில் வைத்து, மூடியுள்ள டப்பாவில் அடைத்து, தீங்கு விளைவிக்கும் வீட்டுக் குப்பை என்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் தனியே கொடுக்கவேண்டும். அப்படிப் பிரித்துக்கொடுப்பதைத் திடக்கழிவு விதிகளே கோருகின்றன. வெறுங்கையால் குப்பையைப் பிரிக்கும் அந்தச் சகோதரிக்கும் பிள்ளைகள் உண்டல்லவா? வேலை நடந்த இடத்தை ஈரத்துணியால் துடைக்கவேண்டும். உடுத்தியிருந்த கைலியையும் சட்டையையும் குழந்தைகளின் உடைகளோடு சேர்த்துத் துவைக்கலாகாது.

இவ்வளவையும் படித்தபின், அந்தக் காரை உரிக்கத்தான் வேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். நினைப்பது நல்லது. நம் கணிப்பில், பரணிலிருந்து வெளிவரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈரத்துணியால் ஒரு துடைப்பே போதும். அங்கங்கே பெயின்ட் உதிர்ந்திருந்தாலும் முதலில் பூசிய பெயின்ட்டோடு இருக்கும் காரையே சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். மறுவண்ணம் பெற்றவற்றுக்கு அவர்களிடம் மதிப்புக் குறைவு. உடலில் மெல்லிய வெடிப்புகளோடு உப்பியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். உலோகக் கலவையில் சிறிதளவு காரீயம் போன்ற மாசு கலந்துவிட்டால் ஆண்டுகள் செல்லச்செல்ல அது உள்ளிருந்து பிளந்து பொடியும். போருக்கு முந்தைய டிங்கி வண்டிகளில் இதை அதிகம் காணலாம். அதற்கு மருந்து இல்லை. உரிப்பதற்குத் தகுந்தவை, பெயின்ட் ஏறக்குறைய முழுதும் போய்விட்டவையும், முன்பே யாரோ வீட்டுப் பெயின்ட்டை அப்பிவைத்தவையும்தாம்.

மறுவண்ணம் அடித்தவற்றை விற்கும் வழக்கமும் நம் இளைஞர்களிடையே தலைகாட்டுகிறது. உழைப்புக்கு விலை பெறுவதில் குறையேதும் இல்லை. பழைய பெயின்ட்டே என்று சொல்லி விற்பதும், புதிதாக அச்சிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து அந்தக்காலத்துப் பெட்டி என்பதும் வேறு கதை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் இருந்த ஈரத்தைக் கண்டறிந்த நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியிடம் கேட்ட நிகழ்வு நம் வாசகர்கள் நன்கறிந்தது. குடைந்த ரிவிட் அடித்தகட்டைத் திருப்பினால் தெரியும் என்பது உண்மையே. ஆயினும் வாங்குபவர் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுவது நேர்மையாகாது. அடித்தகட்டின் உட்புறத்தில் மறுவண்ணம் அடித்த ஆண்டை ஊசியால் கீறிவைத்து, விற்பனை அறிவிப்பிலும் அதையே முதல் வரியாக எழுதுவோரை நாம் பாராட்டுகிறோம்.

பிள்ளைகளுக்கு இதில் பங்கே கிடையாதா என்றால், நிறைய உண்டு. எந்தக் காரைத் தேர்ந்தெடுப்பது என்று பேசும்போது அவர்கள் அருகில் இருக்கட்டும். அது யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று பெரியவாப்பாவிடம் அவர்களே கேட்டு எழுதட்டும். உரித்துக் கழுவிப் பிரைமர் அடித்து உலர்ந்தபின் காரை அவர்களிடம் கொடுக்கலாம். காரீயம் சேர்க்காதது என்று டப்பாவில் குறித்திருக்கும் பெயின்ட்டில் எந்த நிறம் என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். வாசல் கண்ணாடியை மறைக்கும் நாடாவை ஒட்டுவதும், தூரிகையால் விளக்குகளுக்கு வெள்ளிப்பூச்சு இடுவதும், ரிவிட் இருந்த இடத்தில் சிறிய திருகாணியை முறுக்குவதும் சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலைகள். பொருளை வாயில் வைக்கும் வயதில் தம்பி தங்கை இருந்தால், முடிந்த காரை அவர்களிடம் விளையாடக் கொடுக்கலாகாது. அவர்களுக்கு முத்திரையுள்ள புதுவண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம். முன்பே வீட்டுக்குள் உலர்வாகத் தேய்த்திருந்தால், சிறுபிள்ளைகளின் இரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும் பரிசோதனை உண்டு. குழந்தை மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்டால் எங்கே எடுப்பது என்று எழுதித் தருவார்.